சிலாங்கூர் ஆறு சுமந்து வந்த மண்



பெருமழை விட்ட மறுநாள் நம் ஊர் ஆற்றைப் பார்த்திருப்பீர்கள். பால் ஊற்றிய தேத்தண்ணி நிறத்தில், குப்பையும் கிளையும் சுமந்துகொண்டு ஓடும். "ஆத்துத் தண்ணி கலங்கிப் போச்சு" என்று சொல்லிவிட்டு நாம் நம் வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். அந்தக் கலங்கலில் என்ன இருக்கிறது, அது எங்கிருந்து புறப்பட்டது, எங்கே போய்ச் சேரும் என்று கேட்பவர் குறைவு. இன்று ஒரு தடவை கேட்டுப் பார்ப்போமே!

அந்தக் கலங்கலுக்கு வண்டல் என்று பெயர். மலையையும் மேட்டையும் மழை அரித்துக் கொண்டுவரும் மணலும் பொடிமண்ணும் களிமண்ணும் சேர்ந்ததுதான் வண்டல். பள்ளிக்கூட வரலாற்றுப் புத்தகத்தில் சுல்தான்களுக்கு இடம் உண்டு, ரெசிடெண்டு துரைகளுக்கு இடம் உண்டு, வண்டலுக்கு ஒரு பக்கம்கூடக் கிடையாது. ஆனால் சிலாங்கூர் மாநிலத்தில் ஒரு முழுப் பட்டணத்தையே இடம் பெயர வைத்தது இந்த வண்டல். நம் பாட்டன் பாட்டிமாரும் கையில் மண்வெட்டியோடு இந்தக் கதைக்குள் வருகிறார்கள். ஆகவே இது நமக்கும் வேண்டிய வரலாறுதான்.

எல்லா ஆறுகளையும் பேச இந்த மலரில் இடம் போதாது. சிலாங்கூர் ஆறு ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். பிரேசர் மலைப் பக்கம் தித்திவங்சா மலைத்தொடரில் பிறக்கும் இந்த ஆறு, கோல குபு பாருவைத் தொட்டு, பெஸ்தாரி ஜெயா, கம்போங் குவாந்தான் வழியாக இறங்கி, கோல சிலாங்கூரில் மலாக்கா நீரிணையில் கலக்கிறது. ஏறத்தாழ 110 கிலோமீட்டர் நீளம். கங்கையோடும் மெக்கோங்கோடும் ஒப்பிட்டால் இது ஓர் ஓடைதான். ஆனால் கோலாலம்பூரிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் குழாயைத் திறப்பவர்களில் பாதிப் பேருக்கும் மேல் குடிப்பது இந்த ஆற்றுத் தண்ணீரைத்தான்.

மலையிலிருந்து தொடங்குவோம். தித்திவங்சா மலை கருங்கல் மலை. ஏறக்குறைய 20 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்கு அடியில் உருகிக் கிடந்த பாறைக் குழம்பு மெல்ல ஆறி இறுகியது. மேலே இருந்த மண்ணும் பாறையும் கோடிக்கணக்கான ஆண்டுகள் தேய்ந்து போக, அந்தக் கருங்கல் வெளியே தலைகாட்டியது. நம் நாட்டு வெயிலுக்கும் மழைக்கும் கருங்கல்லும் தப்பாது. நாள்பட நாள்பட உளுத்துப் போய் செம்மண்ணாகிறது. சடக்கு போட மலையை வெட்டிய இடங்களில் பாருங்கள். கல் இருந்த இடத்தில் கையால் நசுக்கினால் உதிர்கிற மண் இருக்கும்.

இந்தக் கருங்கல்லின் வெடிப்புகளில்தான் இயற்கை ஈயத்தை ஒளித்து வைத்திருந்தது. மாணவர்களே, நீங்களே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஒரு கண்ணாடிப் போத்தலில் கலங்கிய ஆற்றுத் தண்ணீரை மொண்டு, நன்றாகக் குலுக்கி மேசைமேல் வையுங்கள். மணல் அரை நிமிடத்தில் அடியில் உட்கார்ந்துவிடும். அதைவிட மெல்லிய பொடிமண் இறங்கச் சில மணி நேரம் ஆகும். களிமண்ணோ மறுநாள் காலையிலும் இறங்காமல் தண்ணீரை மங்கலாகவே வைத்திருக்கும். ஆறும் அதையே செய்கிறது. வேகமாக ஓடும் இடத்தில் கல்லையும் உருட்டும். வேகம் குறையும் இடத்தில் முதலில் கனமானதைக் கீழே போடும். லேசானதைக் கடல் வரைக்கும் கொண்டுபோகும்.

ஈயத் தாது தண்ணீரைப்போல ஏழு மடங்கு கனம். சாதாரண மணலுக்கு அதில் பாதி கனம்கூட இல்லை. எனவே மலையிலிருந்து அரித்து வந்த ஈயம் மற்ற மண்ணோடு கடலுக்குப் போகாமல், மலையடிவாரத்திலேயே ஆற்றுப் படுகைகளில் தங்கியது. டூலாங் தட்டில் மண்ணை அள்ளிச் சுற்றிச் சுற்றி அலசும்போது லேசான மணல் ஓடிப்போய்க் கறுப்புப் பொடி தட்டில் நிற்கிறதே, அதுவும் இதே கணக்குத்தான். ஆறு கோடி வருஷமாக அலசிக் குவித்ததை மனிதன் தட்டில் மறுபடி அலசி எடுத்தான். ஆக, ஈப்போவையும் தைப்பிங்கையும் கோலாலம்பூரையும் பட்டணங்களாக்கிய ஈயமும் வண்டல்தான். கோலாலம்பூர் என்ற பெயருக்கே 'சேற்று முகத்துவாரம்' என்று பொருள் சொல்கிறார்கள். 1857-இல் அங்கே ஈயம் தேடிப் படகில் போன 87 சீனத் தொழிலாளர்கள் கரை இறங்கியதும் அப்படிப்பட்ட ஆற்றங்கரையில்தான்.

இனி கோல குபுவின் கதைக்கு வருவோம்.

இன்று வரைபடத்தில் கோல குபு பாரு என்று இருக்கிறது. 'பாரு' என்றால் புதியது. அப்படியானால் பழைய கோல குபு எங்கே? மண்ணுக்குள்ளே!

குபு ஆறு சிலாங்கூர் ஆற்றோடு சேரும் இடத்தில் இருந்தது பழைய ஊர். ஈயம் தோண்டும் ஊர். அங்கே முற்காலத்து மலாய்க்காரர்கள் ஈய வேலைக்குத் தண்ணீர் தேக்க மண்ணாலும் மரத்தாலும் ஓர் அணை கட்டி வைத்திருந்தார்கள். 1883 அக்டோபர் மாதக் கடைசியில் அந்த அணை உடைந்தது. வெள்ளம் ஊருக்குள் பாய்ந்தது. அந்த வட்டாரத்தின் ஆங்கிலேய அதிகாரி செசில் ராங்கிங் அதில் மாண்டு போனார். ஊர்மக்கள் பலரும் மாண்டனர். அணையைக் காத்து வந்த வெள்ளை முதலையை அந்தத் துரை சுட்டுவிட்டார், அதனால் வந்த வினை என்று இன்றும் அங்கே ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ போகட்டும், பக்கத்தில் உள்ள கம்பத்துக்கு 'அம்பாங் பெச்சா' என்று பெயர். உடைந்த அணை என்று பொருள். போகிறபோது பெயர்ப்பலகையைப் பாருங்கள்.

வெள்ளம் வடிந்தது. மக்கள் திரும்பி வந்தார்கள், ஊரை மறுபடி கட்டினார்கள். 1894-இல் ரயில் வந்தது. மலாயாவில் தண்டவாளம் போட்ட கைகளில் பெரும்பாலும் எவருடைய கைகள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பகாங் மாநிலத்துக்கு ஏறும் மலைச் சடக்கும் அங்கிருந்துதான் புறப்பட்டது. கடைவீதி, காவல் நிலையம், சந்தை என்று ஊர் செழித்தது. 1883-இல் வந்தது ஒரே இரவில் வந்து ஓய்ந்த ஆபத்து. அடுத்து வந்த ஆபத்து அப்படி வரவில்லை. வருஷா வருஷம், கொஞ்சம் கொஞ்சமாக, சத்தம் இல்லாமல் வந்தது.

மேலே மலைப் பக்கத்தில் ஈய லம்பங்கள் பெருகின. குழாயிலிருந்து தண்ணீரைப் பெருவேகத்தில் பீய்ச்சி மலைச்சரிவையே கரைக்கும் முறை வந்தது. கரைத்த மண்ணில் ஈயம் ஒரு பிடி, கழிவு மண் ஒரு மலை. அந்தக் கழிவு எல்லாம் ஆற்றில் இறங்கியது. மலைச்சரிவில் துள்ளி வந்த ஆறு கோல குபுவின் சமநிலத்துக்கு வந்ததும் வேகம் தணியும். நம் போத்தல் சோதனையை நினைத்துக்கொள்ளுங்கள்: வேகம் தணிந்தால் மண் கீழே உட்காரும். ஆண்டுக்கு ஆண்டு ஆற்றின் அடிப்படுகை உயர்ந்தது. படுகை உயர உயர, முன்பு கரைக்குள் அடங்கிய மழை இப்போது கரை தாண்டியது. கரையை உயர்த்திக் கட்டினால் ஆற்றுக்குள் மண் இன்னும் உயரும். ஒவ்வொரு வெள்ளமும் வடியும்போது வீட்டுக்குள் தண்ணீர் போய்விடும், மண் போகாது. வாரி வெளியே கொட்டுவதற்குள் அடுத்த மழை. வீட்டில் வெள்ளம் ஏறிய அனுபவம் உள்ளவர்களுக்கு அந்தச் சேற்றின் கனம் தெரியும்.

கடைசியில் அரசாங்கம் கைவிரித்தது. ஆற்றோடு மல்லுக்கட்டி ஆகாது, ஊரையே மாற்றிவிடுவது என்று 1920-களில் முடிவு செய்தார்கள். அப்போது நகரத் திட்ட அதிகாரியாக இருந்த சார்லஸ் ரீட் என்பவர் மேட்டு நிலத்தில் புதிய ஊருக்கு வரைபடம் போட்டார். கடைவீதி ஒரு பக்கம், வீடுகள் ஒரு பக்கம், இடையில் புல்வெளியும் மரங்களும். மலாயாவில் அப்படித் திட்டமிட்டு எழுந்த முதல் தோட்ட நகரங்களில் அது ஒன்று. 1926-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் மிச்சம் இருந்த தயக்கத்தையும் போக்கியது. 1930-ஐ ஒட்டிக் குடியேற்றம் முடிந்து, கோல குபு பாரு எழுந்து நின்றது. பழைய தெருக்களை மண்ணும் புல்லும் மூடின. இன்று அந்த அழகிய சிற்றூருக்கு உல்லாசமாகப் போய் வருகிறவர்கள் பலர். அதன் மரநிழலுக்கும் அகலமான தெருக்களுக்கும் காரணம் ஈய லம்பத்துக் கழிவு மண் என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

சரி, குற்றம் லம்பத்துக்காரர்களுடையது மட்டும்தானா? இல்லை. ரப்பர் தோட்டங்களுக்கும் பங்கு உண்டு. இங்கேதான் நம் கதை வருகிறது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காட்டை வெட்டி எரித்து ரப்பர் கன்று நட்டார்கள். தோட்டத்து நிலத்தில் ஒரு புல்கூட இருக்கக் கூடாது என்பது அன்றைய துரைமார்களின் கொள்கை. மரத்துக்குப் போக வேண்டிய சத்தைப் புல் தின்றுவிடும் என்று நினைத்தார்கள். "புல்லு தெரிஞ்சா பேரு இல்ல" என்ற அதட்டலுக்குப் பயந்து, பெண்களும் வளரும் பிள்ளைகளும் குனிந்த தலை நிமிராமல் செதுக்கினார்கள். தரை வீட்டு முற்றம்போலப் பளபளப்பாக இருந்தால் துரைக்கு மகிழ்ச்சி. அந்தப் பளபளத்த தரையில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேலான மழை நேராக வந்து அறைந்தது. பிடித்து வைக்க ஒரு வேர் இல்லை, தடுக்க ஒரு இலை இல்லை. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் காடு சேர்த்து வைத்த கறுப்பு மேல்மண் சில ஆண்டுகளில் வாய்க்காலுக்குப் போய், வாய்க்காலிலிருந்து ஆற்றுக்குப் போனது. சரிவில் நின்ற மரங்களின் வேர் வெளியே தெரிந்தது.

கூலி வாங்கிக்கொண்டு சொன்ன வேலையைச் செய்தவர்கள்மேல் பழி போடுவது நியாயம் ஆகாது. அவர்களில் ஊரில் ஏர் பிடித்தவர்கள் எத்தனையோ பேர். வரப்புக் கட்டி மண்ணைக் காத்த கைக்கு, தன் மண்வெட்டி இங்கே என்ன செய்கிறது என்று புரியாமலா இருந்திருக்கும்? ஆனால் பிரட்டுக் களத்தில் அவர்களைக் கேட்டவர் யார்!

ஆறுகள் தூர்ந்து போவதைக் கண்டு 1917-இல் அன்றைய கூட்டு மலாய் மாநிலங்களில் வண்டலைக் கட்டுப்படுத்த ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். சட்டம் வந்ததும் மண் நின்றுவிடவில்லை. தோட்டங்கள் உண்மையில் மனம் மாறியது அதற்குப் பின்னால்தான், 1920-களிலும் 1930-களிலும். தரையை வெறுமையாக விடாமல் பயறு இனத்துக் கொடிகளைப் படர விட்டார்கள். தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு அந்தக் கொடிகள் தெரியும். கன்று நட்ட புதுக்காட்டில் தரை தெரியாமல் பச்சைக் கம்பளம்போல மூடியிருக்கும். கொடி மழையின் அடியைத் தாங்கும். அதன் வேர் முடிச்சுகள் காற்றிலிருக்கும் நைட்ரஜனை மண்ணில் சேர்த்து உரமும் தரும். சரிவுகளில் படிக்கட்டுபோல மேடை வெட்டினார்கள். இடையிடையே நீளக் குழி தோண்டி, ஓடிவரும் தண்ணீர் அதில் தங்கி மண்ணை இறக்கிவிட்டுப் போகும்படி செய்தார்கள். அந்தக் குழிகளைக் கண்டிராக்டுக்கு வெட்டிய அப்பாமார்கள் இன்றும் நம்மிடையே இருப்பார்கள். "குழி எதுக்குன்னு கேக்கல, அளவு சரியா இருக்கான்னுதான் பார்ப்பாங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லக்கூடும். ஐயா, அது எதற்கென்று இப்போது சொல்லிவிட்டோம்.

ஒரு விஷயம். சட்டம் வந்த அதே 1917-இல், இதே சிலாங்கூர் ஆற்றின் கீழ்ப்பகுதியில், ஹென்றி பொக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தைத் தொடங்கினார். தோட்டத்தின் பெயர் தென்னமரம்! செம்பனைத் தோட்டத்துக்குத் தென்னை மரத்தின் பெயர், அதுவும் தமிழ்ப் பெயர். பத்தாங் பெர்ஜுந்தை என்று நாம் வழங்கிய, இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் ஊர்ப்பக்கம் அது இருக்கிறது.

1985-இல் உலகச் சந்தையில் ஈய விலை சரிந்தபின் லம்பங்கள் ஒவ்வொன்றாக மூடின. இப்போது ஆற்றைக் கலக்குவது வேறு. ரப்பர் தோட்டங்கள் வீட்டுமனைகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறும்போது, புல்டோசர் ஒரே வாரத்தில் குன்றைச் செம்மண் மைதானமாக்கிவிடுகிறது. கொடியும் இல்லை, குழியும் இல்லை என்றால் ஒரு மழைக்குப் போதும். மண்ணைத் தடுத்து நிறுத்தும் குளங்கள் வெட்டிய பிறகே வேலை தொடங்க வேண்டும் என்று விதி இருக்கிறது. விதியை எல்லாரும் மதிக்கிறார்களா என்பதை மழை நாளில் ஆற்றின் நிறமே சொல்லிவிடும்.

மறுபடியும் கோல குபு பாருவுக்கு மேலே ஒரு பார்வை பார்க்க வேண்டும். 2000-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் அங்கே சிலாங்கூர் ஆற்றை மறித்துப் பெரிய அணை கட்டினார்கள். 110 மீட்டர் உயரம்; 23 கோடி கன மீட்டர் தண்ணீர் கொள்ளும். அதற்காகத் தெமுவான் பூர்வகுடி மக்கள் தங்கள் கிராமங்களை விட்டு இடம் மாறினார்கள். அணை தண்ணீரை நிறுத்தும்போது வண்டலையும் நிறுத்திவிடுகிறது. அடியில் படிகிற ஒவ்வொரு வாளி மண்ணும் ஒரு வாளித் தண்ணீரின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. இது எவ்வளவு பெரிய தொல்லை என்பதற்குக் கேமரன் மலையே சாட்சி. அங்கே ரிங்லெட்டில் 1963-இல் கட்டி முடித்த சுல்தான் அபு பாக்கார் அணையின் ஏரி, மலைச்சரிவுக் காய்கறிப் பண்ணைகளிலிருந்து வந்த மண்ணால், திட்டமிட்டவர்கள் நினைத்ததைவிட வெகு சீக்கிரம் தூர்ந்தது. 2013 அக்டோபர் 23 அதிகாலை, பெருமழையில் ஏரி நிரம்பி மதகைத் திறந்தபோது, கீழே பெர்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்ச்சேதம் ஏற்பட்டது. தேயிலைச் செடி நெருக்கமாக மூடிய சரிவில் மண் அவ்வளவாக அரிப்பதில்லை. அடிக்கடி கொத்திக் கிளறும் காய்கறிப் பாத்தியில்தான் அதிகம் போகிறது.

இனி ஆற்றோடு கீழே இறங்குவோம். பெஸ்தாரி ஜெயா பக்கத்தில் பழைய லம்பக் குட்டைகள் ஏரிபோல விரிந்து கிடக்கின்றன. ஒரு காலத்தில் ஆற்றைக் கெடுத்த அதே லம்பங்களின் பள்ளங்கள், இன்று மழைத் தண்ணீரைச் சேர்த்து வைத்து, வறட்சிக் காலத்தில் ஆற்றுக்குக் கடன் கொடுக்கின்றன.

கம்போங் குவாந்தானில் வண்டல் வேறு வேஷம் போடுகிறது. இங்கே ஆறு வளைந்து வளைந்து மெல்ல நடக்கும். கடலின் உப்பும் ஏறி வரும். கரைச் சேற்றில் பெரெம்பாங் மரங்கள் வரிசையாக நிற்கின்றன. இருட்டியதும் அவற்றில் ஆயிரமாயிரம் மின்மினிகள் ஒன்றாக மின்னி ஒன்றாக அணையும். தீபாவளிக்கு விளக்குச் சரம் போட்ட மாதிரி இருக்கும் என்பார்கள் பார்த்தவர்கள். மின்மினி வானத்திலிருந்து விழவில்லை. அதன் புழுப்பருவம் மரத்தடி ஈரமண்ணில், மிகச்சிறிய நத்தைகளைத் தின்று வளர்கிறது. அந்த ஈரமண் ஆறு கொண்டுவந்து கொடுத்தது. மண் அதிகமானால் கோல குபுவின் கதி. மண்ணே வராவிட்டால் கரை அரித்துப்போய் மரம் சாயும். இரண்டுக்கும் நடுவில் அந்தச் சிறு பூச்சி வாழ்கிறது.

பிறகு கடல். மலையிலிருந்து கிளம்பிய மணல் வழியிலேயே தங்கிவிட்டது. இதுவரை வந்து சேர்ந்தது களிமண் மட்டும்தான், நம் போத்தலில் மறுநாள் வரை இறங்காத அதே களிமண். ஆனால் உப்புத் தண்ணீர் பட்டதும் அது திரிந்த பால் மாதிரி கட்டி கட்டியாகச் சேர்ந்து அடியில் இறங்குகிறது. ஐயாயிரம் ஆறாயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் இப்போதைவிடச் சில மீட்டர் உயரமாக இருந்தது. கரை இன்னும் உள்ளே இருந்தது. கடல் பின்வாங்கப் பின்வாங்க, கிள்ளான், கேரித் தீவு, கோல சிலாங்கூர், சபாக் பெர்ணம் என்று நாம் சொல்லும் தட்டை நிலமெல்லாம் இப்படி ஆறுகள் கொட்டிய சேற்றில்தான் உருவானது. கரையோரத் தோட்டங்களில் வாய்க்கால் வெட்டியவர்களைக் கேளுங்கள். இரண்டடிக்குக் கீழே சாம்பல் நிறத்தில் வழவழவென்று களி வரும். அதில் கடல் சிப்பி ஓடும் கிடைக்கும்.

கோல சிலாங்கூரில் வற்றுக் கடல் நேரத்தில் அந்தச் சேறு கண்ணுக்கெட்டிய தூரம் பளபளக்கிறது. விளிம்பில் அலையாத்தி மரங்கள் வேரை ஊன்றி அதைப் பிடித்து வைக்கின்றன. நண்டும் இறாலும் அங்கே குஞ்சு வளர்க்கின்றன. சைபீரியாவிலிருந்து பறந்து வரும் பறவைகள் செப்டம்பர் தொட்டு மார்ச் வரை அந்தச் சேற்றைக் கொத்திப் பசியாறுகின்றன. மீன்பிடிக் கம்பத்து மக்கள் பலகைமேல் ஒரு காலை மண்டியிட்டு, மறு காலால் உந்தி, சேற்றின்மேல் சறுக்கிக்கொண்டே போய்க் கெராங் பொறுக்குவார்கள். அந்தக் கெராங் அறுவடை கடந்த சில ஆண்டுகளாக வெகுவாகக் குறைந்துவிட்டது. சந்தையில் விலை கேட்கிற அம்மாமார்களுக்கு அது ஏற்கெனவே தெரியும். சேறு இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது. அதோடு ஆலைக் கழிவும் வீட்டுக் கழிவும் கலந்து வருகின்றன.